திருத்திய பிரதி எங்கே? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும், இதழாசிரியர்களுக்கும், கணினியில் புத்தகப் பக்கம் அமைக்கும் டிடிபி நிலையம் நடத்தும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது, என் வேலை. நாவல், கட்டுரைத் தொகுப்பு, பழைய நூல்களின் மறுபதிப்பு என்று பல பதிப்பகங்களுக்குப் பிரூஃப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். உங்களில் பலரை நேரில் தெரியும். கையில் பணம் இல்லாத மாதத்திலும் நல்ல புத்தகம் என்றால் துணிந்து அச்சுக்கு அனுப்புகிறவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். ஒரு புத்தகத்தின் எழுத்து, எழுத்தாளர் அனுப்பியதிலிருந்து கடைசிக் கரெக்‌ஷன் வரைக்கும், ஒருங்குறியிலேயே, அதாவது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடிலேயே இருக்கட்டும். அச்சு முடிந்ததும் திருத்திய பிரதியைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு நகலை எழுத்தாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

யூனிகோடு பற்றி இன்னுமா பேசுவது என்று சிலருக்குத் தோன்றும். போனில் தமிழ், வாட்ஸ்அப்பில் தமிழ், பேசினால் தானாக எழுதிக்கொள்ளும் தமிழ் என்று எல்லாம் வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் முழுக்க ஒருங்குறிக்கு மாறிவிட்டார்கள். படிக்கிறவர்களும் அப்படியே. நடுவில் இருக்கும் பக்க வடிவமைப்பு மேசை ஒன்றுதான் பல இடங்களில் இன்னும் பழைய எழுத்துருவில் நிற்கிறது. மாறிவிட்ட பதிப்பகங்களும் இருக்கின்றன, அவர்களுக்கு நன்றி. மற்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

இப்போது ஒரு கையெழுத்துப் பிரதி எப்படிப் பயணப்படுகிறது என்று பாருங்கள். எழுத்தாளர் தன் கணினியிலோ போனிலோ ஒருங்குறியில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறார். டிடிபி ஆபரேட்டர் அதை ஒரு மாற்றியில் போட்டு, பழைய எழுத்துரு ஒன்றுக்கு மாற்றி, பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் ஓட்டுகிறார். தாளில் அச்செடுத்து எனக்கு வருகிறது. நான் சிவப்பு மையில் திருத்துகிறேன். ஆபரேட்டர் திருத்தங்களைப் போடுகிறார். இரண்டாம் மெய்ப்பு எழுத்தாளருக்குப் போகிறது. அவர் சும்மா இருப்பாரா? பத்தியை மாற்றுவார், ஒரு வரியை அடிப்பார், அத்தியாயத் தலைப்பையே மாற்றுவார். அதையும் போட்டு, பிடிஎஃப் எடுத்து, புத்தகம் அச்சாகிறது.

இப்போது அந்தப் புத்தகத்தின் சரியான வடிவம் எங்கே இருக்கிறது? எழுத்தாளரிடம் இருப்பது திருத்தப்படாத முதல் பிரதி. திருத்திய பிரதி ஆபரேட்டரின் கணினியில், அந்த எழுத்துரு நிறுவியிருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியக்கூடிய ஒரு கோப்பில் இருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து செய்த உழைப்பு தாளில் மட்டும் முழுமையாக இருக்கிறது. மின்னூல் போடலாம் என்று பிறகு யோசிக்கும்போது, எழுத்தாளரின் பழைய கோப்பை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அச்சில் இல்லாத பிழைகள் மின்னூலில் வரிசை கட்டி நிற்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பழைய எழுத்துரு என்றால் என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் புதிதாகப் பதிப்புத் துறைக்கு வந்த தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்ததுதான் அந்த எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது எப்போதுமே பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். வேர்டு மென்பொருள் அதை ஆங்கிலம் என்றே எடுத்துக்கொண்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. 'அவன்' என்று தொடங்கிய வாக்கியம் 'ஆவன்' ஆகிவிடும். பாமினியில் வேலை செய்த எவரும் முதலில் கற்றுக்கொள்வது அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்து வைப்பதைத்தான்.

இதையெல்லாம் சொல்வது அந்த எழுத்துருக்களைச் செய்தவர்களைக் குறைத்துப் பேச அல்ல. கணினியில் தமிழ் வரவே வராது என்றிருந்த காலத்தில் வரவழைத்துக் காட்டியவர்கள் அவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைச் செய்தார். கனடாவிலிருந்து ஆதமி என்ற மென்பொருள் வந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்தபடி கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். 256 இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு தமிழையும் அடைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஆளுக்கொரு விதமாக அடைத்தார்கள். அதனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் போனது. அதைச் சரிசெய்யத்தான் டிஸ்கி என்ற பொதுக் குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு, வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண ஆட்களின் மேசைக்கு அது வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்து ஆணையிட்டது. அதாவது, வழி திறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

மதுரைத் திட்டம் என்ன செய்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சி, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை தட்டச்சு செய்து இலவசமாகப் பொதுவில் வைத்தது. மயிலையில் தொடங்கி, டிஸ்கிக்கு வந்து, பிறகு ஒருங்குறிக்கு மாறினார்கள். சம்பளம் வாங்காத ஆட்கள் செய்த வேலை அது. இன்று சிலப்பதிகாரத்தில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேட வேண்டுமென்றால் ஒரு நொடி போதும். ஆனால் போன வருடம் ஒரு பதிப்பகம் வெளியிட்ட நாவலில் ஒரு சொல்லைத் தேட முடியவில்லை. வெளியிட்டவர்களாலேயே முடியவில்லை.

இப்போது நான் தினமும் பார்க்கும் ஒரு சங்கதியைக் காட்டுகிறேன். கீழே இரண்டு சொற்கள்:

அவர்

அவா்

பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் சொல்லில் இருப்பது ர என்ற எழுத்தும் மேலே புள்ளியும். இரண்டாவதில் ர இல்லவே இல்லை. 'கா' என்பதில் வருகிற கால் குறியை வைத்து, அதன் தலையில் ஒரு புள்ளி குத்தியிருக்கிறது. எங்கிருந்து வந்தது இது? தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த பாமினி போன்ற எழுத்துருக்களில் ர், ரி, ரீ மூன்றையும் எழுதக் கால் குறிக்கான அதே விசையைத்தான் தட்டுவார்கள். தாளில் விழும் வடிவம் சரியாக இருந்தால் போதும் என்ற காலத்துப் பழக்கம் அது, அன்றைக்கு அதில் தவறும் இல்லை. அந்தக் கோப்பை மாற்றியில் போடும்போதும், அதே விரல் பழக்கத்தில் ஒருங்குறியில் தட்டும்போதும், கால் குறி கால் குறியாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. செய்தித் தளங்களில் 'கூறினாா்', 'தொிவித்தாா்' என்று வரிக்கு வரி இப்படித்தான் இருக்கிறது. கண்ணால் படிக்கிறவருக்குத் தெரியாது. 'தெரிவித்தார்' என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. மெய்ப்புத் திருத்துகிற என் கண்ணுக்கும் தாளில் இது தட்டுப்படாது. திரையில் ஒருங்குறிக் கோப்பாகக் கொடுத்தால், சில தேடி-மாற்று கட்டளைகளில் புத்தகம் முழுவதும் சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

ஔகாரமும் அப்படித்தான். 'கௌதமன்' என்பதில் வரும் கௌ, பழைய கோப்புகளில் பெரும்பாலும் ஒற்றைக் கொம்பு, க, ள என்று மூன்று துண்டு. அதை மாற்றினால் சில நேரம் 'கெளதமன்' என்று கிடைக்கிறது. அது கௌ அல்ல. கெ-வும் ள-வும் அருகருகே நிற்கின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. பெயர்ப் பட்டியலில் 'கௌதமன்' ஓரிடத்திலும் 'கெளதமன்' வேறோரிடத்திலும் போய் விழும்.

பட்டியல் என்றதும் இன்னொன்று. ஆய்வு நூல்களின் கடைசியில் வரும் சொல்லடைவு தமிழில் ஏன் இவ்வளவு அரிதாகப் போனது? அகர வரிசையில் அடுக்குவது கணினி ஒரு நொடியில் செய்ய வேண்டிய வேலை. பழைய எழுத்துருவில் அது நடக்காது. கொடி, கெண்டை, தெரு எல்லாமே அந்தக் கோப்பில் கொம்பில்தான் தொடங்குகின்றன, அதனால் மூன்றும் ஒரே கூட்டில் விழும். ஆகவே கையால் அடுக்க வேண்டும். கையால் அடுக்க நேரம் இல்லை. ஆகவே சொல்லடைவே வேண்டாம். நல்ல வரலாற்று நூல்களும் கல்வெட்டு ஆய்வுகளும் சொல்லடைவு இல்லாமலே வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இருபது வருட உழைப்பைப் போட்டு ஒருவர் எழுதியிருப்பார். அதில் ஓர் ஊர்ப் பெயரைத் தேடிப் பிடிக்க முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும்.

சரி, ஏன் மாறவில்லை என்று கேட்டால் நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் ஞாயமானவையும் உண்டு.

முதல் காரணம் ஆபரேட்டர்கள். 'எங்கள் அண்ணன் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணினவர், இருபது வருடமாக ஒரே விசைப்பலகை, இப்போது போய் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடிக்கச் சொன்னால் வேகம் போய்விடும்' என்பார்கள். வேகம் போனால் வருமானம் போகும், பக்கத்துக்கு இவ்வளவு என்றுதானே கூலி. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. விசைப்பலகை வேறு, குறியாக்கம் வேறு. எந்த விசையைத் தட்டுகிறோம் என்பதற்கும் உள்ளே எது பதிவாகிறது என்பதற்கும் முடிச்சு கிடையாது. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவியைப் போட்டுக்கொண்டால் பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கலாம், பாமினி முறையிலேயே அடிக்கலாம். விழுவது ஒருங்குறியாக இருக்கும். அண்ணனின் விரல் ஒரு விசை கூட மாற வேண்டியதில்லை. ர், ரி, ரீ போடும்போது மட்டும் ர விசையைத் தட்டப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிதாகக் கற்கிறவர்களுக்குத் தமிழ்99-ஐச் சொல்லிக் கொடுங்கள். இடது கையில் உயிர், வலது கையில் மெய், க வும் க வும் அடுத்தடுத்துத் தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' ஆகிவிடும். தமிழின் போக்கை அறிந்தவர்கள் வகுத்த முறை அது. இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் கூடவே வருகிறது.

இரண்டாவது காரணம் மென்பொருள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். ஒருங்குறி அதற்குத் தெரியாது, இனி தெரியப் போவதும் இல்லை. அதை இன்னும் ஓட்டுவதற்காகவே பழைய விண்டோஸ் கணினியைத் தூசி தட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் நிலையங்களை எனக்குத் தெரியும். அந்த வன்தட்டு ஒருநாள் நின்றுபோனால் எத்தனை புத்தகங்கள் அதோடு போகும் என்று நினைத்தாலே பகீரென்கிறது.

இன்டிசைனுக்கு வந்தவர்களில் பலர், 'அதில் யூனிகோடு போட்டுப் பார்த்தோம், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போகிறது' என்று சொல்லிப் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது உண்மைதான். பத்தியை அடுக்கும் பொறி இன்டிசைனில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கான பொறியில் விட்டால் தமிழ் உடையும். பத்திப் பலகத்தின் மூலையில் இருக்கும் மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்ட் ரெடி பாரகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தால் கொம்பும் காலும் அதது இடத்தில் வந்து நிற்கும். சிஎஸ்6 பதிப்பிலிருந்து, அதாவது 2012-லிருந்து இந்த வசதி தமிழுக்கு இருக்கிறது. பத்திப் பாணியிலேயே இதைச் சேர்த்து ஒரு வார்ப்புக் கோப்பாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தேட வேண்டியதில்லை. இந்த ஓர் அமைப்பு தெரியாமல் எத்தனை நிலையங்கள் பின்வாங்கியிருக்கின்றன என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள், தயவுசெய்து.

சந்தா கட்ட முடியாத சிறு பதிப்பகங்களுக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. இலவசம். அதன் 1.6 பதிப்பு தமிழை ஒழுங்காகவே அடுக்குகிறது. படங்கள் இல்லாத வெறும் உரைநடை நாவலுக்கு லிபர் ஆபிஸ் ரைட்டரே போதும் என்பது என் கருத்து. வடிவமைப்பாளர்கள் கோபப்படலாம். ஆனால் ஓரமும் வரி இடைவெளியும் பக்க எண்ணும் சரியாக இருந்தால் வாசகருக்கு எதில் செய்தது என்று தெரியப் போவதில்லை.

மூன்றாவது காரணம் அழகு. இதை நான் முழுசாக மறுக்க மாட்டேன். ஒருங்குறியின் ஆரம்பக் காலத்தில் விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவை விட்டால் ஆளில்லை என்ற நிலை இருந்தது, லதாவில் ஒரு நாவலை அச்சிட யாருக்கும் மனசு வராது. இன்று நோட்டோ செரிஃப் தமிழ் இருக்கிறது. தடிமனும் மென்மையும் பல படிகளில் கிடைக்கும். கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி என்று பல திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் எழுத்துருக்கள் கொடுத்திருக்கிறது. ஆனாலும் புத்தகத்தின் உள்பக்கத்துக்கு, நானூறு பக்கம் படித்தாலும் கண் சலிக்காத எழுத்துருக்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எழுத்துரு வரையத் தெரிந்த இளைஞர்களிடம் பதிப்பகங்கள் கூட்டாக ஒரு புத்தக எழுத்துருவைச் செய்யச் சொன்னால் என்ன? பதிப்பாளர்கள் சங்கமான பபாசி போன்ற ஓர் அமைப்பு நினைத்தால் முடியாத காரியமா? நீங்கள் ஆண்டாண்டாக வைத்திருக்கும் பழைய எழுத்துருவின் வடிவம்தான் உங்கள் அடையாளம் என்றால், அதை வரைந்தவரிடமே ஒருங்குறி வடிவம் கேளுங்கள். பல நிறுவனங்கள் ஏற்கெனவே செய்துவிட்டன.

நான்காவது காரணத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை, டீக்கடையில் சொல்வார்கள். ஒருங்குறியில் இருந்தால் திருடிவிடுவார்கள் என்ற பயம். உங்கள் புத்தகம் வந்த வாரமே டெலிகிராமில் பிடிஎஃப்பாகச் சுற்றுவதைப் பார்த்து நீங்கள் படும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் திருட்டுப் பிடிஎஃப் எப்படி வந்தது என்று பாருங்கள். புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தது. பழைய எழுத்துரு அந்தத் திருடனை ஒரு நிமிடம் கூடத் தாமதப்படுத்தவில்லை. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதற்கும் அது வெளியே போவதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய எழுத்துரு என்ற இந்தப் பூட்டு உங்களையும் உங்கள் எழுத்தாளரையும்தான் தடுக்கிறது.

இன்னும் ஒருவரைத் தடுக்கிறது. பார்வையற்ற வாசகரை.

கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருட்கள் இப்போது தமிழ் பேசுகின்றன. அவற்றில் என்விடிஏ என்பது இலவசம். அதை வைத்துக்கொண்டு நம் ஊர்களில் பார்வையற்ற மாணவர்கள் பட்டப்படிப்பு படிக்கிறார்கள், ஆசிரியர் வேலைக்குத் தயாராகிறார்கள், வங்கியில் வேலை பார்க்கிறார்கள். ஒருங்குறிக் கோப்பைக் கொடுத்தால் மடமடவென்று வாசிக்கும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் 'ஜே கே பி ஓ' என்று ஆங்கில எழுத்துகளாக உளறும். 'அவா்' என்று இருந்தால் தடுக்கி விழும். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவத்தில் நூல்களை மாற்றிக்கொள்ள, 2012-இல் செய்த திருத்தத்தின்படி நம் பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்கென்று உலக நாடுகள் கூடிச் செய்த மரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் வழிவிட்டுவிட்டது. கோப்பு இல்லை. தன்னார்வலர்கள் அச்சுப் புத்தகத்தை வாங்கி, ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரியில் ஓட்டி, பிழை திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஒரு பிரதியைத் தயாரிக்கிறார்கள். நானும் நீங்களும் ஏற்கெனவே செய்து முடித்த வேலையை அவர்கள் இரண்டாம் முறை செய்கிறார்கள். அந்த மாணவர் வேறு எதுவும் இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கவே தயாராக இருக்கிறார். வாங்குவதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டாமா?

பிடிஎஃப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பிடிஎஃப் என்பது அச்சுக்கான படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறி எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலும் தமிழில் கொம்பு இடம் மாறும், எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விழும். ஆகவே மூலக்கோப்பைத் தனியாக, உரைக்கோப்பாகவோ வேர்டில் திறக்கும் ஆர்டிஎஃப் கோப்பாகவோ ஏற்றுமதி செய்து வையுங்கள். இன்டிசைனில் இது ஒரு சொடுக்கு வேலை. வரி நிரம்புவதற்காகக் கையால் போட்ட ஒட்டுக்கோடுகளை மட்டும் கவனிக்க வேண்டும். பக்க அளவை மாற்றும்போது அவை வரிக்கு நடுவில் வந்து 'அவர்களி-டம்' என்று நிற்கும். மறுபதிப்புகளில் நான் அதிகம் அடிப்பது இந்த அநாதைக் கோடுகளைத்தான்.

மறுபதிப்புக்கு வருவோம், உங்கள் கைக்காசு நேரடியாகப் போகும் இடம் அது. இப்போது ஆயிரம் பிரதி அடித்துக் கிடங்கில் அடுக்கி வைக்கும் காலம் போய், தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அடிக்கும் காலம் வந்துவிட்டது. பழைய நூலுக்குத் திடீரென்று தேவை வருகிறது: பாடத்தில் வைக்கிறார்கள், விருது கிடைக்கிறது, படம் வருகிறது. கிரவுன் அளவில் வந்ததை டெமியில் போட வேண்டும், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். பேஜ்மேக்கர் கோப்பு இருக்கிறது, திறக்க மென்பொருள் இல்லை. மென்பொருள் கிடைக்கிறது, எழுத்துரு இல்லை. அல்லது கோப்பு இருந்த சிடி படிக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் புத்தகத்தைக் கொடுத்து மறுபடி தட்டச்சு செய்யச் சொல்கிறீர்கள். மறுபடி கூலி, மறுபடி மெய்ப்பு, முன்பு இல்லாத இடத்தில் புதுப் பிழை. எனக்கு இதில் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே நூலில் அதே பிழையை இரண்டாம் தடவை திருத்துவதை விட, புதிய நூல் ஒன்றைப் படிக்கவே நான் விரும்புவேன்.

அதனால் பழைய கோப்புகளையும் இப்போதே மீட்கத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. நன்றாக விற்கும் நூல்கள், எழுத்தாளர் நம்மிடையே இல்லாத நூல்கள், வேறெங்கும் பிரதி கிடைக்காத நூல்கள் என்று முதலில் எடுங்கள். கோப்போடு எழுத்துருவையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரியாமல்தான் பாதிக் கோப்புகள் செத்துப்போகின்றன. மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை ஏற்கெனவே இருக்கின்றன. மாற்றிய பிறகு நான் மேலே சொன்ன ர், ரி, ரீ, ஔகாரம் எல்லாவற்றையும் ஒருமுறை சல்லடை போட வேண்டும். பிறகு வாணி, நாவி மாதிரி பிழைதிருத்திகளில் ஓட்டிப் பார்க்கலாம், அவையும் ஒருங்குறியில்தான் வேலை செய்யும். மீதியை மனிதக் கண் பார்த்துக்கொள்ளும்.

எழுத்தாளர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் ராயல்டி சதவீதத்தைப் பார்க்கிறீர்கள், பிரதி எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள். 'அச்சுக்குப் போன இறுதிப் பிரதியை ஒருங்குறிக் கோப்பாக நூலாசிரியருக்குத் தர வேண்டும்' என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் நாளைக்கு உங்கள் தொகுப்பைக் கொண்டுவர நினைத்தால் அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் கோப்புதான். இறந்துபோன எழுத்தாளர்களின் முழுத்தொகுப்பு வேலைகளில் இருந்திருக்கிறேன். எந்தப் பதிப்பில் எந்தத் திருத்தம் ஆசிரியரே செய்தது, எது ஆபரேட்டரின் கைத்தவறு என்று தாள் தாளாக ஒப்பிட்டு உட்கார்ந்திருப்போம். சில இடங்களில் கடைசிவரை தெரியாது. தெரியாமலே ஒரு முடிவெடுத்து அச்சுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஓர் எழுத்தாளரின் வாக்கியத்தை அப்படி ஊகித்து முடிவு செய்வதைப் போல மனசை அறுக்கும் வேலை எங்கள் தொழிலில் வேறில்லை.

ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கான வேலைகள் ஆடி ஆவணியிலேயே தொடங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் போய் யாரிடமும் எதையும் மாற்றச் சொல்ல முடியாது. அப்போது நாம் யாருமே தூங்குவதில்லை. எனவே அடுத்த பட்டியலில் ஒரே ஒரு புத்தகத்தையாவது தேர்ந்தெடுங்கள். படங்கள் அதிகம் இல்லாத, எழுத்தாளர் ஒருங்குறியில் அனுப்பிய ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ போதும். அதை எங்கும் மாற்றாமல், வேர்ல்ட் ரெடி பொறியில், ஒரு ஒருங்குறி எழுத்துருவில் முதல் ஃபாரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன சிக்கல் வருகிறது என்று குறித்து வையுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் கூலி வாங்காமல் வந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், என்னைப் போல் சொல்லித் தரத் தயாராக இருப்பவர்கள் தமிழ்க் கணிமை வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் தீர்ந்தால் அடுத்த ஃபாரத்துக்குப் போகலாம். தீராவிட்டால், எது தீரவில்லை என்று பொதுவில் எழுதுங்கள். மென்பொருள் செய்கிறவர்களும் எழுத்துரு வரைகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் திருத்த முடியும்.

அன்புடன்,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்